துரோகம் என்ற சொல் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பதினைந்து வயதில் ஃப்ரம் ஃபர்ஸ்ட் டு லாஸ்ட் என்ற ராக் பேண்டில் சன்னி மூர் தொண்டை கிழியக் கத்தியதைக் கேட்டு வளர்ந்தவன் நான். அவரே பிறகு ஸ்க்ரில்லெக்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டு, லேப்டாப் முன்னால் நின்று டப்ஸ்டெப் என்ற மின்னணு நடன இசை போட ஆரம்பித்தார். 2012இல் ஒரே இரவில் மூன்று கிராமி விருது. பணத்துக்காக ராக் இசைக்குச் செய்த துரோகமாகவே எனக்குப் படுகிறது. ஒரு கலைஞர் இப்படித் தடம் மாறலாமா? பட்டன் அமுக்குவதும் இசையா?

க.

அன்புள்ள க.,

பணத்தை விடுங்கள், அது அவர் பாடு. பட்டன் விஷயத்துக்கும் பதில் கிடையாது. பியானோவில் வேறென்ன செய்கிறார்கள்?

ஆனால் துரோகம் என்று எழுதிவிட்டீர்களே! ‘தொண்டை கிழிய’ என்று எழுதியதும் நீங்கள்தான். வெறும் பேச்சுவழக்கு என்று நினைத்தீர்களா? குரல்நாண் பழுதாகி அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் அவர். 2007இல் பேண்டை விட்டு விலகியதும் அந்தத் தொண்டையால்தான். உங்கள் பதினைந்து வயதுக் கோபத்தையும் சேர்த்துக் கத்திய தொண்டை ஐயா அது. 2010இல் அவர் போட்ட பாட்டுகளில் உறுமும் அந்தப் பேஸை, அதாவது கீழ்ச்சுர ஒலியை, இன்னொரு முறை கேளுங்கள். அதே கத்தல்தான், சிந்தசைசர் என்ற மின்னணுக் கருவி வழியாக வருகிறது. 2017இல் பழைய பேண்டுக்காக மறுபடி பாடவும் செய்தார். அதையாவது தெரிந்துகொண்டு திட்டியிருக்கலாம்.

உங்கள் கடிதம் வந்த வாரம் நான் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். ஆள் இல்லாமல் போன இடத்தில்தான் மெஷின் வந்து உட்காருகிறது. 1980 மே மாதம் ஜாய் டிவிஷன் என்ற இங்கிலாந்து ராக் பேண்டின் பாடகர் இயன் கர்ட்டிஸ் தற்கொலை செய்துகொண்டார். மிச்சமிருந்த மூவர் நியூ ஆர்டர் என்ற பேண்ட் ஆனார்கள். 1983இல் ‘ப்ளூ மண்டே’ வந்தது. டிரம் மெஷினும், ஏற்றிவைத்த சுரங்களைத் தானே வாசிக்கும் சீக்வென்சரும் ஓட்டும் ஏழரை நிமிட நடனப் பாட்டு. அதற்குச் சுரங்களை ஒவ்வொன்றாக ஏற்றியவர், பேண்டில் பிறகு சேர்ந்த ஜில்லியன் கில்பர்ட், தவறுதலாக ஒன்றை விட்டுவிட்டார். அதனால் மெட்டு தாளத்திலிருந்து ஒரு நூல் நழுவியே ஓடுகிறது. அப்படியே வெளியிட்டார்கள்.

ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303 கதை இன்னும் வேடிக்கை. பேஸ் வாசிக்கத் துணையில்லாத கிட்டார்காரர்களுக்காக 1981இல் வந்த மின்னணுப் பெட்டி அது. பேஸ் கிட்டார் மாதிரியே ஒலிக்கவில்லை, விற்கவும் இல்லை. 1984இல் நிறுத்திவிட்டார்கள். மலிவாகக் கிடைத்ததை சிகாகோ இளைஞர்கள் வாங்கிக் குமிழ்களைத் திருகு திருகு என்று திருகி ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசையையே உண்டாக்கினார்கள். கிட்டார்காரனின் தனிமைக்குச் செய்த பெட்டி! ராக் வேறு, இது வேறு என்று கோடு போடும் ஆட்கள் இதை எந்தப் பக்கம் வைப்பார்கள்?

நானும் ஒரு காலத்தில் பேண்டில் கிட்டார் வாசித்தேன். பெரிதாக ஒன்றுமில்லை, நான்கு பேர், ஒரு அறை. டிரம்ஸ் வாசித்தவன் என் நெருங்கிய நண்பன். பாட்டில் பல்லவி மாதிரித் திரும்பத் திரும்ப வரும் கோரஸ் வந்தால் போதும், தாளத்தின் வேகம் ஏறிவிடும். “உனக்கென்ன ரயிலா பிடிக்கணும்?” என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். ஒருநாள் குச்சிகளைப் பையில் போட்டுக்கொண்டு போனவன் திரும்பி வரவில்லை. நாங்கள் பழைய டிரம் மெஷின் ஒன்றை வாங்கினோம். நிமிடத்துக்கு 120 அடி என்று வைத்தால் 120தான். அப்பாடா என்றிருந்தது.

அடுத்த வாரம் ஒத்திகையைப் பதிவுசெய்து கேட்டோம். ஒவ்வொரு கோரஸிலும் நான் முன்னால் ஓடிப்போய்த் தனியாக நிற்கிறேன். மெஷின் பின்னால் நிதானமாக வந்துகொண்டிருக்கிறது. அத்தனை நாளும் வேகம் ஏற்றியவன் நான். என்னை விட்டுவிடக் கூடாதே என்று அவன் கூடவே ஓடி வந்திருக்கிறான்.

தடம் மாறலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாறலாம், தாராளமாக.

அவனிடம் இதை ஒப்புக்கொள்ள எனக்குப் பதினோரு வருடம் ஆனது. போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“எனக்கு அப்பவே தெரியும்டா” என்றான்.