பந்தை ஏந்தாத சாதனையாளர்

கேள்வி: அமெரிக்கக் கால்பந்தின் ‘ஹால் ஆஃப் ஃபேம்’ என்னும் சாதனையாளர் பட்டியலில் 2023-இல் சேர்க்கப்பட்ட ஜோ தாமஸைச் சென்ற இதழில் வானளாவப் புகழ்ந்திருந்தீர்கள். அவர் பந்தை ஏந்தி ஓடியதில்லை. ஒரு புள்ளிகூட எடுத்ததில்லை. அவருடைய அணி அவர் காலத்தில் பிளேஆஃப் என்னும் இறுதிக்கட்டச் சுற்றை எட்டியதே இல்லை. எதிரே வருபவனை மறித்துத் தள்ள உடம்பு ஒன்று போதாதா? இதில் என்ன சாதனை?

பதில்: நீங்கள் அடுக்கிய தகவல்கள் எல்லாம் சரி. அவற்றிலிருந்து நீங்கள் வந்தடைந்த முடிவுதான் தவறு.

தாமஸ் ஆடிய இடம் லெஃப்ட் டாக்கிள், அதாவது முன்வரிசையில் இடப்பக்கத்தைக் காக்கும் தடுப்பாளர் இடம். அணியின் பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். வலக்கைப் பழக்கமுள்ள குவார்ட்டர்பேக் பந்தை எறியத் திரும்பும்போது அவருடைய முதுகு இடப்பக்கம் இருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து பாய்ந்து வருபவரை அவரால் பார்க்க முடியாது. அங்கே நிற்பவர், தன்னைவிட எடை குறைந்த, தன்னைவிட வேகமான எதிராளி முன்னோக்கி ஓடிவர, தான் பின்னோக்கி நகர்ந்தபடியே அவரை மறிக்க வேண்டும். கையை எதிராளியின் நெஞ்சுக்கு நேரே வைக்கலாம். தோளுக்கு வெளியே சட்டையைப் பிடித்து இழுத்தால் அணிக்கு 10 கஜம் தண்டனை. தான் காக்கும் குவார்ட்டர்பேக்கையோ திரும்பிப் பார்க்க முடியாது. அவர் எத்தனை அடி பின்வாங்குவார், பந்தை எவ்வளவு நேரம் கையில் வைத்திருப்பார் என்பதெல்லாம் பழக்கத்தால் மட்டுமே தெரிந்திருக்க வேண்டும். கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியோ அவருடைய 11 பருவங்களில் ஏறத்தாழ 20 குவார்ட்டர்பேக்குகளையும் 6 தலைமைப் பயிற்சியாளர்களையும் மாற்றியது. ஒவ்வொரு முறையும் அவர் அந்தப் பழக்கத்தை முதலிலிருந்து கற்றார்.

2007-இல் முதல் ஆட்டத்தில் இறங்கியவர், 2017 அக்டோபர் 22 அன்று டென்னசி டைட்டன்ஸ் அணிக்கு எதிராக இடக்கைத் தசை கிழியும் வரை, தொடர்ந்து 10,363 ஸ்னாப்புகள் ஆடினார். (பந்தைப் பின்னே கொடுத்துத் தொடங்கும் ஒவ்வொரு நகர்வும் ஒரு ஸ்னாப்.) அதாவது, 167 ஆட்டங்களில் தம் அணி பந்தை வைத்திருந்த எந்த ஒரு நகர்விலும் அவர் வெளியே உட்காரவில்லை. தோல்வி உறுதியாகிவிட்ட கடைசி நிமிடங்களிலும் அதே இடத்தில் நின்றார். அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். இந்தக் கணக்கை வைக்கத் தொடங்கிய 1999-க்குப் பிறகு இதற்கு ஈடில்லை.

அணி தோற்றதற்கு அவர் என்ன செய்வார்? களத்தில் 11 பேர். அவர் காத்தது ஒரு பக்கம். 2015-இல் அவரை டென்வர் அணிக்கு மாற்றும் பேச்சு நடந்து கைகூடாமல் போயிற்று. அந்தப் பருவத்தின் சூப்பர் பவுல் என்னும் இறுதிப் போட்டியை டென்வரே வென்றது. அந்தப் பேச்சு பலித்திருந்தால் இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டிருக்கவே மாட்டீர்கள், அவருடைய ஆட்டம் மட்டும் அப்படியேதான் இருந்திருக்கும். தேர்வுக் குழுவினர் இதை அறிந்தவர்கள். தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

உடம்பு போதாதா என்று கேட்டீர்கள். அந்த உடம்பே அவருக்கு ஒரு வேலையாக இருந்தது. ஏறத்தாழ 140 கிலோ எடையைக் குறையாமல் வைத்திருக்கப் பசி இல்லாதபோதும் சாப்பிட்டார். 2018-இல் ஓய்வு பெற்றதும் 20 கிலோவுக்கு மேல் இறக்கினார். இந்தத் தொழில் வாங்கும் விலை இதைவிடவும் பெரிதாகலாம். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் முன்வரிசை நடுவில் நிற்கும் சென்டராக 4 சூப்பர் பவுல்களை வென்ற மைக் வெப்ஸ்டர், 17 பருவங்கள் ஆடி, நினைவும் நிதானமும் சிதைந்து, 2002-இல் 50 வயதில் இறந்தார். அவருடைய மூளையை ஆராய்ந்த மருத்துவர் பென்னட் ஒமாலு, தலையில் திரும்பத் திரும்ப விழும் அடிகளோடு தொடர்புள்ள சி.டி.இ. என்னும் சிதைவைக் கண்டு 2005-இல் வெளியிட்டார். லீக் அதை ஏற்க ஆண்டுக்கணக்கில் மறுத்தது. முன்வரிசையில் நிற்பவருக்கு ஏறக்குறைய ஒவ்வொரு ஸ்னாப்பும் ஒரு மோதல். இதையெல்லாம் தெரிந்துதான் 10,363 என்ற எண்ணை நாங்கள் அச்சிட்டோம்; அந்தக் கட்டுரையில் ஒரு வரியையும் திரும்பப் பெறுவதாக இல்லை.