முதல் அடியைக் காலியாக விடுங்கள்

கேள்வி: தங்கையின் கல்யாண வரவேற்பில் போட ஒரு பகடி வீடியோ எடுக்கிறோம். 'மேஜிக்' குழுவின் 'ரூட்' (Rude, மரியாதை இல்லாதவர்) பாடலுக்கு அப்பா பதில் பாடுவதுபோல. லேப்டாப்பில் நானே இசை செய்தேன், ஆனால் ரெக்கே மாதிரி இல்லை, குத்துப்பாட்டு மாதிரி வருகிறது. சடைமுடி விக்கும் வாங்கிவிட்டோம். பிறகு யூடியூபில் போட்டால் பிரச்சினை வருமா? (ஸ்கார்பரோவிலிருந்து ஒரு வாசகர்)

நல்ல பாட்டாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். அதுவும் உங்கள் டொராண்டோக் குழுவின் பாட்டு. 2014-ல் அமெரிக்கப் பாடல் பட்டியலில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. பெண் கேட்டுப் போனவனை அப்பா மறுத்துவிடுகிறார், ஏன் இப்படி மரியாதை இல்லாமல் நடக்கிறீர்கள் என்று அவன் கேட்கிறான். கதை அவ்வளவுதான்.

முதலில் தாளம். குத்துப்பாட்டு மாதிரி வருகிறது என்றீர்களே, முதல் அடியிலேயே டிரம்மைப் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நம் கை தானாக அங்கேதான் போகும். ஜமைக்காவின் ரெக்கே இசையில் 'ஒன் டிராப்' என்ற தாளம் அதற்கு நேர் எதிர். வேகத்தை நிமிடத்துக்கு 150 அடி என்று வைத்து நான்கு நான்காக எண்ணுங்கள். ஒன்றில் டிரம் கிடையாது. இரண்டிலும் நான்கிலும் கிட்டார், சட்டென்று வெட்டி நிறுத்தியதுபோல. மூன்றில் கிக் டிரம்மும் ஸ்னேரும் சேர்ந்து விழ வேண்டும். மென்பொருள் 75 என்று காட்டினாலும் பயப்படாதீர்கள், அது இதே வேகத்தைப் பாதியாக எண்ணுகிறது. அரை இடம் தள்ளி எடுக்கிற கீர்த்தனை பாடிப் பழகிய யாராவது வீட்டில் இருந்தால் அவரைத் தாளம் போடச் சொல்லுங்கள், உடனே பிடித்துக்கொள்வார்.

பாட்டைத் தூக்கி நிறுத்துவது பாஸ் கிட்டார்தான். கீச்சொலியை முழுக்கக் குறைத்து, வயிற்றில் அதிர்கிற மாதிரி வையுங்கள். அதுவும் ஒவ்வொரு அடியிலும் வாசிக்கக் கூடாது, இரண்டு சுரம் போனால் கொஞ்சம் மௌனம் வேண்டும். பின்னணியில் ஆர்கன் ஒன்று கொப்புளிப்பதுபோல ஓடட்டும். ரெக்கே பாப் என்று வரும்போது விதி கொஞ்சம் தளரும். கோரஸில் ஆட வேண்டும் என்பதற்காக முதல் அடியிலும் டிரம் போடுவார்கள், கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) எளிமையாக இருக்கும், ராகமும் சிரித்த முகமாக இருக்கும். பர்மிங்ஹாமின் 'யூபி40' குழு 1983-ல் நீல் டயமண்டின் பழைய பாட்டு ஒன்றை இப்படித்தான் மாற்றிப் பெயர் வாங்கியது. லேப்டாப்பில் செய்ததற்காகக் கூச்சப்பட வேண்டாம். 1985-ல் ஜமைக்கா இசையின் போக்கையே மாற்றிய 'ஸ்லெங் டெங்' தாளம், ஒரு சிறிய காஸியோ கீபோர்டில் ஏற்கனவே இருந்த தாளத்திலிருந்து வந்ததுதான். ஒரே தாளத்தின்மேல் பலர் ஆளுக்கொரு பாட்டுப் பாடுவதும், ஒருவர் பாட்டுக்கு இன்னொருவர் பதில் பாடுவதும் அங்கே நெடுநாள் வழக்கம்.

விக்கைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சடைமுடி என்பது ஜமைக்காவின் ராஸ்தஃபாரி மதத்தவர் விரதம்போல வளர்ப்பது. ஒருவர் நேர்த்திக்காக வளர்த்த முடியைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி ஆகிவிடும். ஜமைக்கா உச்சரிப்பைப் போலி செய்வதும் வேண்டாம். அதோடு பகடியின் குறியும் தவறிப்போகும். கேலி அந்த மாப்பிள்ளையின் புகாரைப் பற்றியது, ஜமைக்காக்காரரைப் பற்றியது அல்ல.

என்னைக் கேட்டால், இசையில் ஒரு துளிகூடக் கோமாளித்தனம் இருக்கக் கூடாது. அப்பா சிரிக்கவே கூடாது. மரியாதை இல்லாதவர் என்றுதானே குற்றச்சாட்டு? அப்படியானால் அவர் அளவுக்கு மீறி மரியாதையாகப் பேசட்டும். 'வாங்கோ தம்பி, இருங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ' என்று உபசரித்து, ஊர் எது, படிப்பு எது, வீட்டுக் கடன் எவ்வளவு என்று பொறுமையாக விசாரித்து, கடைசியில் இன்னும் அதிக மரியாதையோடு, பெண் தர முடியாது என்று சொல்லட்டும். அந்த யாழ்ப்பாணத்து 'ங்கோ' உங்களுக்குக் கிடைத்த வரம். 'இருங்' இரண்டில், 'கோ' சரியாக மூன்றாம் அடியில் டிரம்மோடு விழ வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு பாடிப் பாருங்கள்.

படப்பிடிப்புக்கு வீட்டு விறாந்தை போதும். பாட்டைச் சத்தமாகப் போட்டு, முழுப் பாட்டையும் மூன்று நான்கு தடவை வெவ்வேறு கோணத்தில் எடுங்கள். துண்டு துண்டாக எடுத்தால் உதட்டசைவு ஒட்டாது. கனடாவில் பிறந்த பிள்ளைகளுக்காக வசன வரி போடுங்கள்.

சட்டம். கனடாவில் 2012 திருத்தத்துக்குப் பிறகு பகடியும் நையாண்டியும் நியாயமான பயன்பாட்டில் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டன. இருந்தாலும் எவ்வளவு எடுத்தீர்கள், மூலத்தின் விற்பனையைக் கெடுக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். மூல ஒலிப்பதிவை எடுக்காமல் இசையை நீங்களே வாசித்தது நல்லது, ஆனால் மெட்டு இன்னும் எழுதியவர்களுடையதே. இந்தியச் சட்டத்தில் பகடி என்ற சொல்லே இல்லை, விமர்சனம் என்ற வாசல்தான் உண்டு. யூடியூபின் தானியங்கிச் சோதனைக்குச் சட்டமும் தெரியாது, நகைச்சுவையும் தெரியாது. மெட்டு பொருந்தினால் விளம்பர வருமானத்தை உரிமையாளருக்குத் திருப்பிவிடக்கூடும். காசு பார்க்கிற எண்ணம் இல்லையென்றால் அப்படியே விட்டுவிடலாம், மறுப்பும் பதியலாம். இந்தத் தலைவலியே வேண்டாமென்றால் அதே பாணியில் சொந்த மெட்டு ஒன்று போடுங்கள். ஒன் டிராப் தாளத்துக்கு யாரும் உரிமை கோர முடியாது.