கேள்வி–பதில்: புனித நகரம் என்றால் என்ன?

கேள்வி: யூத வேதம் ஆடு மேய்த்தவர்களின் வேதம். அதில் முதல் நகரத்தைக் கட்டுகிறவன் கொலைகாரன் காயீன். அப்புறம் கடவுள் தண்டித்த பாபேல், சோதோம். நகரம் என்றாலே பாவம் என்கிற இந்த மதம், ஜெருசலேம், ஹெப்ரோன், சஃபேத், திபேரியா என்று நான்கு நகரங்களை மட்டும் புனிதம் என்கிறது. நிலத்துக்குச் சொந்தம் கொண்டாடப் பின்னால் குத்திய முத்திரைதானே இது?
— வாசகர், பாளையங்கோட்டை

பதில்: பின்னால் வந்த பட்டியல் என்பது சரி. காரணம்தான் தவறு. 17ஆம் நூற்றாண்டில், ஒட்டோமான் ஆட்சியின்போது, ஜெருசலேம், ஹெப்ரோன், சஃபேத் ஆகிய மூன்று ஊர் யூதர்களும் சேர்ந்து வெளிநாட்டு யூதர்களிடம் தர்மப் பணம் திரட்டினார்கள். 1740இல் ரபி (யூத மதகுரு) ஹயிம் அபுலாஃபியா திபேரியாவில் யூதக் குடியிருப்பை மறுபடி ஏற்படுத்தியதும் அந்த ஊரும் சேர்ந்துகொண்டது. வேதம் படித்துக்கொண்டு, வருமானம் இல்லாமல் கிடந்தவர்களின் சாப்பாட்டுக்கான ஏற்பாடு அது. கபாலா என்ற யூத மறைஞான மரபினர் அதற்கு ஒரு தத்துவமும் சொன்னார்கள்: பலிபீடம் எரிந்த ஜெருசலேம் நெருப்பு, முன்னோர் அடங்கிய ஹெப்ரோன் மண், மலைமேல் இருக்கும் சஃபேத் காற்று, ஏரிக்கரைத் திபேரியா நீர். அழகான கற்பனைதான். ஆனால் நகரத்தைப் பற்றி யூத மரபு யோசித்ததில் அது ஒரு சிறு மூலை.

நீங்களே சொன்ன சோதோமை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குற்றம் என்ன என்று எசேக்கியேல் தீர்க்கதரிசி வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கிறார்: வயிறு நிறைய அப்பம் இருந்தது, நிம்மதி இருந்தது, கர்வம் இருந்தது, எளியவனுக்குக் கை கொடுக்கவில்லை. ரபிகளின் விவாதத் தொகுப்பான தால்மூத் இதற்கு ஒரு கதையே சொல்கிறது. சோதோமில் ஓர் இளம்பெண், தண்ணீர்க் குடத்துக்குள் அப்பத்தை ஒளித்துக் கொண்டுபோய் ஓர் ஏழைக்குக் கொடுத்து வந்தாள். ஊருக்குத் தெரிந்துவிட்டது. அவள் உடம்பெல்லாம் தேனைப் பூசி மதில் மேல் நிறுத்தினார்கள். குளவிகள் வந்து கொட்டியே அவள் செத்தாள். சோதோமிலிருந்து வானத்தை எட்டியதாக வேதம் சொல்லும் கூக்குரல் அவளுடையது என்கிறார்கள் ரபிகள். தெருவும் மதிலும் இருந்ததற்காக அந்த ஊர் அழிக்கப்படவில்லை. பசித்தவனுக்குச் சோறு போடுவதை அது குற்றமாக்கியது.

இதற்கு நேர் மறுபக்கம், வேதத்தின் ஐந்தாம் புத்தகமான உபாகமம் 21ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வயல்வெளியில் ஒரு பிணம் கிடக்கிறது. கொன்றவன் யாரென்று தெரியவில்லை. உடனே சுற்றியுள்ள ஊர்களுக்குத் தூரம் அளக்க வேண்டும். எந்த ஊர் மிக அருகில் இருக்கிறதோ, அந்த ஊர்ப் பெரியவர்கள் ஒரு கிடாரியை ஓடை ஓடும் தரிசுப் பள்ளத்தாக்குக்கு ஓட்டிப்போய், கழுத்தை முறித்து, அதன்மேல் கை கழுவி, “எங்கள் கைகள் இந்த ரத்தத்தைச் சிந்தவில்லை” என்று சொல்ல வேண்டும்.

தால்மூதுக்கு அடிப்படையான சட்ட நூல் மிஷ்னா. அது இங்கே ஒரு கேள்வி போடுகிறது. ஊர்ப் பெரியவர்களையா நாம் கொலைகாரர்கள் என்று நினைத்தோம்? இல்லையே, பிறகு ஏன் இந்த வாக்குமூலம்? மிஷ்னா சொல்லும் விடை இது: அவன் எங்கள் ஊருக்கு வந்து, சாப்பாடு போடாமல் நாங்கள் அனுப்பவில்லை, அவனைப் பார்த்தும் வழித்துணை இல்லாமல் விடவில்லை. பெயர் தெரியாத ஒரு வழிப்போக்கன் ஊருக்கு வெளியே செத்துக் கிடந்தால், அவன் பசியோடு போனானா, தனியாகப் போனானா என்பதற்கு ஊரே பொறுப்பு. இதைச் சட்டமாக எழுதிவைத்தவர்களுக்கு நகரம் என்றாலே பாவம் என்று எப்படிச் சொல்ல வருகிறது உங்களுக்கு?

கற்றவன் எந்த ஊரில் குடியிருக்கக் கூடாது என்றும் தால்மூத் ஒரு பட்டியல் தருகிறது. பத்து விஷயங்கள் இல்லாத ஊர் வேண்டாமாம். ஜெபாலயம் அதில் ஒன்று, ஒன்றே ஒன்று. மற்றவற்றில் நீதிமன்றம் இருக்கிறது, வைத்தியர் இருக்கிறார், பிள்ளைகளுக்கு வாத்தியார் இருக்கிறார், குளியல் இடம் இருக்கிறது, கழிப்பிடம் இருக்கிறது. தர்மநிதியும் உண்டு, அதை வசூலிக்க இருவர், பங்கிட மூவர் என்று ஆள் கணக்கோடு. கோயில் இல்லா ஊரில் குடியிருக்க வேண்டாம் என்று கேட்டு வளர்ந்த நமக்கு, கழிப்பிடமும் வைத்தியரும் அதே வரிசையில் நிற்பது புதிதாக இருக்கலாம்.

இனி உங்கள் பட்டியலில் உள்ள ஹெப்ரோனுக்கு வருகிறேன். யூதர்களின் மூதாதை ஆபிரகாம் 400 சேக்கல் வெள்ளி கொடுத்து, குடும்பக் கல்லறையாக மக்பேலா குகையை வாங்கிய இடம் என்றுதான் பலரும் அதை நினைவில் வைத்திருக்கிறார்கள். வேதத்தில் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. ஆறு அடைக்கலப் பட்டணங்களில் ஹெப்ரோனும் ஒன்று. கைப்பிசகாக ஒருவனைக் கொன்றுவிட்டவன், பழிவாங்க வருகிறவனிடமிருந்து தப்பி ஓடிவரும் ஊர். ரபிகள் இதில் எவ்வளவு நுணுக்கமாக இறங்கினார்கள் பாருங்கள். தண்ணீரும் சந்தையும் உள்ள நடுத்தர ஊராக இருக்க வேண்டும். வரும் பாதை அகலமாக இருக்க வேண்டும். பாதை பிரியும் இடமெல்லாம் “அடைக்கலம்” என்று எழுதிவைக்க வேண்டும். ஓடி வந்தவன் மாணவனாக இருந்தால் அவனுடைய குருவும் கூடவே குடிபெயர வேண்டும், படிப்பில்லாமல் அவன் வாழ்வது எப்படி? ஆலயத்தின் தலைமைக் குருவான பிரதான ஆசாரியன் இறந்தால்தான் அவன் சொந்த ஊர் திரும்பலாம். அதனால் பிரதான ஆசாரியர்களின் அம்மாக்கள், தங்கள் பிள்ளை சாக வேண்டும் என்று அடைக்கலம் வந்தவர்கள் வேண்டிக்கொள்ளாதபடி அவர்களுக்குச் சோறும் துணியும் கொடுத்து வந்தார்களாம்!

அந்த ஹெப்ரோனில்தான் 1929இல் 67 யூதர்களை ஒரு கும்பல் கொன்றது. அன்று தப்பியவர்களில் பலரை அக்கம்பக்கத்து அரபுக் குடும்பங்கள் தங்கள் வீட்டுக்குள் மறைத்துக் காப்பாற்றின. அதே ஊரில் 1994இல் தொழுகையில் இருந்த 29 முஸ்லிம்களை ஒரு யூதக் குடியேறி சுட்டுக் கொன்றான். அடைக்கலப் பட்டணத்தின் சட்டத்தை வைத்தே இரண்டையும் அளக்கலாம். வீட்டுக்குள் மறைத்தவர்கள்தான் அந்தச் சட்டப்படி நடந்தவர்கள்.

மண்ணே புனிதம் என்ற வாதத்துக்குத் திபேரியா இடம் கொடுக்காது. ரோமருக்குக் கீழ் கலிலேயாவை ஆண்ட ஏரோது அந்திப்பாஸ், ரோமப் பேரரசன் திபேரியுஸ் பெயரில் கட்டிய ஊர், அதுவும் கல்லறைகள் மேல். தீட்டு என்று பக்தர்கள் விலகி நின்றார்கள். ரபி சீமோன் பார் யோகாய் அதைச் சுத்திகரித்தார் என்பது மரபு. பிற்பாடு, தால்மூதின் இரண்டு தொகுப்புகளில் ஒன்றான ஜெருசலேம் தால்மூத் பெருமளவு உருவானது இந்த ஊரில்தான்.

ஜெருசலேமுக்கும் விதிவிலக்கு தரப்படவில்லை. கி.பி. 70இல் அங்கிருந்த ஆலயத்தை இடித்தவர்கள் ரோமர்கள். ஆனால் ஏன் இடிந்தது என்று கேட்டபோது ரபிகள் ரோமர்களைக் கைகாட்டவில்லை. வேதம் படித்தோம், தர்மமும் செய்தோம், ஆனால் காரணமில்லாமல் ஒருவரையொருவர் வெறுத்தோம், அதனால் இடிந்தது என்று எழுதினார்கள். தங்கள் தலைநகரின் அழிவுக்குத் தங்களையே குற்றம் சாட்டும் இந்த நேர்மையை நான் மதிக்கிறேன். இன்று அந்த நகரத்தின் பெயரால் பேசுகிற எல்லாத் தரப்பும் இந்தப் பக்கத்தை எடுத்துப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

கடைசியாக, நான்கு நகரங்கள் மட்டும்தானா என்ற உங்கள் கேள்வி. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி ஒரு கடிதம் எழுதினார். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள். நீங்கள் இருக்கும் அந்த நகரத்தின் நலனுக்காக ஜெபம் செய்யுங்கள், அதன் சமாதானத்தில்தான் உங்கள் சமாதானம் என்றார். தங்களை நாடு கடத்திய எதிரியின் ஊருக்காக ஜெபம் செய்யச் சொன்ன கடிதம் அது. இன்றும் பல நாடுகளின் ஜெபாலயங்களில் ஓய்வுநாள் ஆராதனையின்போது அந்தந்த நாட்டு அரசுக்காக ஒரு வேண்டுதல் சொல்கிறார்கள்.