பால் மறந்த பிள்ளை

அன்புள்ள அக்கா,

ஸ்தோத்திரம். உங்கள் எழுத்தைச் சில வருஷங்களாக வாசித்து வருகிறேன். முதல் தடவையாக எழுதுகிறேன். எனக்கு 44 வயது. வங்கியில் வேலை. எங்கள் சபையில் ஆறு வருஷமாகச் சேகர கமிட்டிச் செயலராக இருக்கிறேன். தினமும் காலை நாலரைக்கு எழுந்து ஒரு மணி நேரம் ஜெபிப்பேன். வேதாகமத்தை இதுவரை 9 முறை முழுவதுமாக வாசித்திருக்கிறேன். வருமானத்தில் பத்தில் ஒன்றான தசமபாகம் ஒரு மாதமும் தவறியதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, என் நிலைமை உங்களுக்குப் புரிய வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

ஒன்றரை வருஷமாக உள்ளே ஒன்றுமே இல்லை. முன்பெல்லாம் பாடும்போதே கண் நிறையும். இப்போது முழங்காலில் நின்றால் சுவரோடு பேசுவதுபோல இருக்கிறது. ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்தில் 21 நாள் உபவாசம் இருந்து பார்த்தேன். மாற்றமில்லை. எங்கள் ஆலயத்தைப் பெருக்குகிற வயதான அம்மா ஒருவர் இருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாதவர். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அவர் மெல்ல ஜெபித்ததை ஒருநாள் கேட்டேன். பக்கத்தில் இருக்கிற ஆளோடு பேசுவதுபோல இருந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது. தாழ்மை வேண்டும், ஆண்டவரோடு இன்னும் நெருக்கம் வேண்டும் என்றுதான் கேட்கிறேன். நான் எதில் குறை வைத்தேன்?

இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, மனதில் கிடப்பதால் சொல்கிறேன். அப்பா வீட்டைப் பாகம் பிரித்ததில் அண்ணனோடு பேச்சு நின்று ஐந்து வருஷம் ஆகிறது. தப்பு அவர் பக்கம்தான். எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்து பத்து நாளாகிறது. ஐந்தாறு தடவை வாசித்துவிட்டேன். பொறாமையாக இருந்தது என்று எழுதினீர்களே, அதற்கு முதலில் நன்றி. ஆலயம் பெருக்குகிற அம்மாவிடம் இருப்பது தன்னிடம் இல்லை என்று ஒரு கமிட்டிச் செயலர் ஒத்துக்கொள்வது சின்ன விஷயம் இல்லை. நீங்கள் கேட்கிற தாழ்மை அந்த வரியில் ஏற்கெனவே எட்டிப் பார்க்கிறது என்று எனக்குத் தோன்றியது.

உங்கள் கடிதத்தில் எண்கள் நிறைய இருக்கின்றன. நாலரை மணி, ஒரு மணி நேரம், 9 முறை, 21 நாள். வாசித்ததும் எனக்கு லூக்கா 18இல் ஆண்டவர் சொன்ன கதையில் வரும் பரிசேயன் நினைவுக்கு வந்தான். நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கைக்கொள்கிற அவனும், வரி வசூலிக்கிற ஆயக்காரன் ஒருவனும் தேவாலயத்துக்கு ஜெபிக்கப் போகிறார்கள். இதைச் சொன்னால் நீங்கள் புண்படுவீர்களோ என்று தயங்கினேன். ஆனால் நான் அவனைக் கெட்டவனாக நினைத்துச் சொல்லவில்லை. ஞாயிறு பள்ளியில் நாம் அவனை வேஷக்காரனாகவே காட்டிப் பழக்கிவிட்டோம். அவன் பொய் சொன்னதாக ஆண்டவர் சொல்லவே இல்லை. நியாயப்பிரமாணம் கட்டளையிட்ட உபவாசம் வருஷத்துக்கு ஒரே ஒரு நாள், பாவநிவாரண நாள். அவனோ வாரத்துக்கு இரண்டு நாள் இருந்தான். உண்மையாகவே பாடுபட்டவன். ஆனால் அவன் ஜெபத்தை ஒரு தடவை மெதுவாக வாசித்துப் பாருங்கள். அதில் அவன் தேவனிடம் கேட்பது எதுவுமே இல்லை. செய்ததை வாசித்துக் காட்டிவிட்டு, பக்கத்தில் நிற்கிறவனை ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறான். அவ்வளவுதான். ஆயக்காரனிடம் வாசித்துக் காட்ட எதுவும் இல்லை, அதனால் கேட்டான். “தேவனே, பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்.”

இதை நான் சொல்லக் காரணம் உண்டு. பல வருஷம் நானும் ஒரு ஜெப நோட்டு வைத்திருந்தேன். இடதுபக்கம் விண்ணப்பம், வலதுபக்கம் பதில் கிடைத்த தேதி. நல்ல பழக்கம்தான், இன்றைக்கும் யாரையும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கட்டத்தில் நான் ஆண்டவரைப் பார்ப்பதைவிட அந்த வலதுபக்கத்தைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன். அது காலியாக இருந்த மாதங்களில் அவரும் இல்லை என்றே நினைத்தேன்.

சரி, உங்கள் வறட்சிக்கு வருகிறேன். முன்பு கண்ணீர் வந்தது, இப்போது வரவில்லை என்கிறீர்கள். நீங்கள் ஏதோ குறை வைத்ததால்தான் இது வந்தது என்று ஏன் முடிவுகட்ட வேண்டும்? சங்கீதம் 131ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எருசலேமுக்கு ஏறிப் போகிறவர்கள் பாடிய 15 ஆரோகண சங்கீதங்களில் ஒன்று. மூன்றே வசனம். “தாயின் பால்மறந்த குழந்தையைப்போல நான் என் ஆத்துமாவை அடக்கி அமரப்பண்ணினேன்” என்று அதில் வருகிறது. பால் குடிக்கிற குழந்தை என்று சொல்லவில்லை, பால் மறந்த குழந்தை என்கிறது. இதன் கனம் எனக்குப் பிள்ளை பெற்ற பிறகுதான் தெரிந்தது.

என் இரண்டாவது பையனுக்குப் பால் மறக்கடித்தபோது அவனுக்கு ஒன்றரை வயது தாண்டியிருந்தது. அம்மா சொன்னபடி வேப்பெண்ணெய் தடவிக்கொண்டேன். முதல் ராத்திரி வாயை வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தபடி அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. நீயா இப்படிச் செய்தாய் என்று கேட்பதுபோல ஒரு பார்வை. மூன்று ராத்திரி அழுதான். எனக்கும் பால் கட்டி வலி. கொடுக்காமல் இருப்பது கொடுப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. அப்புறம் ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, மத்தியானம் நான் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவன் வந்து மடியில் ஏறித் தலையைச் சாய்த்துக்கொண்டான். சேலையை இழுக்கவில்லை. முட்டவில்லை. சும்மா இருந்தான். அதுவரை அவன் பாலுக்குத்தான் வந்துகொண்டிருந்தான். அன்றைக்கு என்னிடம் வந்தான்.

உங்களுக்கு நடப்பது இதுவாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். பாடும்போது வந்த கண்ணீரும் நெஞ்சில் வந்த இனிமையும் அவர் கொடுத்த பால்தான். அதை நிறுத்தினால் அம்மாவே போய்விட்டாள் என்றுதான் பிள்ளைக்குத் தோன்றும். ஆதியாகமம் 21இல் ஒரு வரி இருக்கிறது, எத்தனையோ முறை கடந்து போயிருப்பீர்கள். ஈசாக்கு பால் மறந்த நாளில் ஆபிரகாம் பெரிய விருந்து செய்தான். பிறந்த நாளில் விருந்து வைத்ததாக அங்கே எழுதவில்லை, பால் மறந்த நாளில்தான் வைத்தான். பிள்ளை எதையோ பறிகொடுத்த மாதிரி சிணுங்கிக்கொண்டிருந்திருக்கும். வீடு முழுக்க விருந்து நடந்திருக்கிறது.

இப்படி நீண்ட காலம் இருந்தவர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். சகோதரர் லாரன்ஸ். 17ஆம் நூற்றாண்டில் பிரான்சில் இருந்தவர், லொரேன் பகுதியில் பிறந்தவர். இயற்பெயர் நிக்கோலா எர்மான். ஐரோப்பாவில் நடந்த முப்பதாண்டுப் போரில் சிப்பாயாக இருந்து காயம்பட்டார். அப்புறம் ஒரு பெரிய வீட்டில் எடுபிடியாக இருந்தார். எதைத் தொட்டாலும் உடைத்துவிடுகிற ஆள் என்று தன்னைப் பற்றி அவரே சொன்னதாகக் குறிப்பு இருக்கிறது. 1640இல் பாரிசில் ஒரு கார்மேல் துறவியர் மடத்தில் சேர்ந்தார். குருவாக அல்ல, சாதாரண வேலைக்காரச் சகோதரராக. அவருக்குக் கொடுத்தது சமையலறை. அந்த வேலையே அவருக்குப் பிடிக்காது. வருஷக்கணக்காக அங்கேயே இருந்தார். பின்னால் மடத்தாரின் செருப்புகளைத் தைத்துக் கொடுத்தார். 1691இல் இறந்தார். பாத்திரச் சத்தத்துக்கு நடுவில், நாலு பேர் நாலு பக்கம் கூப்பிடும்போதும், நற்கருணை முன் முழங்காலில் இருப்பதுபோலவே தான் தேவனோடு இருப்பதாகச் சொன்னவர் அவர்.

நம் பிரசங்கங்களில் அந்தச் சமையலறைக் கதையைத்தான் சொல்வார்கள். அவருடைய ஆரம்பப் பத்து வருஷத்தை யாரும் சொல்வதில்லை. மடத்தில் சேர்ந்து முதல் பத்து வருஷம் அவர் உள்ளே மிகவும் வேதனைப்பட்டார். தன் பாவங்களே கண்முன் நின்றன, எல்லாமே தனக்கு எதிராக இருப்பதுபோலத் தோன்றியது. கடைசியில், இந்த வேதனையிலேயே என் நாட்கள் முடிந்தாலும் சரி, அவர்மேல் உள்ள அன்புக்காக இருந்துவிடுகிறேன் என்று ஒப்புக்கொடுத்துவிட்டார். அப்படி விட்ட பிறகுதான் அவருக்குள் அமைதி வந்தது. அவர் வழக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. ஒரு தப்பு செய்துவிட்டால், என்னை என் போக்கில் விட்டால் நான் இப்படித்தான் செய்வேன், நீரே என்னைத் திருத்த வேண்டும் என்று தேவனிடம் சொல்லிவிட்டு, அதையே நினைத்து மருகாமல் அடுத்த வேலையைப் பார்ப்பாராம். தாழ்மைக்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தெரியாது. தன்னைத் திட்டிக்கொண்டே இருப்பதும் தன்னைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதானே.

அதனால் நான் சொல்வது உங்களுக்கு விசித்திரமாகப் படலாம். ஒரு மாதத்துக்கு அந்த ஒரு மணி நேரத்தை அரை மணியாகக் குறையுங்கள். விண்ணப்பப் பட்டியலைக் கையில் எடுக்காதீர்கள். கேட்பது தப்பு என்று சொல்லவில்லை, ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபமே அப்பம் கேட்கிறது. ஆனால் இந்த ஒரு மாதம் 131ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசித்துவிட்டு, மடியில் இருக்கிற பிள்ளையாகச் சும்மா உட்காருங்கள். மனம் வங்கிக்கு ஓடினால், ஓடிவிட்டேன் ஆண்டவரே என்று சொல்லிவிட்டுத் திரும்பி வாருங்கள். ஐம்பது தடவை ஓடினால் ஐம்பது தடவை வாருங்கள், எண்ண வேண்டாம். மீதியைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். நவம்பரில் லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வருகிற பென்ஷன்காரர்கள் ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்பார்களே, அந்த மூன்றாவது தடவையில் ஆண்டவரே என்று ஒரு வார்த்தை உள்ளே சொல்லிவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் கேட்டுவிடுகிறேன். தூக்கம் வருகிறதா? சாப்பாடு இறங்குகிறதா? எதிலுமே ஆர்வம் இல்லாமல் போய்விட்டதா? அப்படியென்றால் ஒரு டாக்டரைப் பாருங்கள், அதை விசுவாசக் குறைவு என்று நினைக்காதீர்கள். தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு சாக வேண்டும் என்று கேட்டபோது, தேவதூதன் அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடியும் தூங்க விட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஆண்டவர் பேசிய மெல்லிய சத்தம் அதற்கு வெகு நாள் கழித்துத்தான் வந்தது.

அப்புறம் அந்த அம்மா. நீங்கள் அவரிடம் ஒரு தடவையாவது பேசியிருக்கிறீர்களா? சம்பள வவுச்சரில் கைநாட்டு வாங்கும்போது பேசுவதைச் சொல்லவில்லை. ஒருநாள் அவர் பெருக்கி முடித்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா, எனக்கு ஜெபிக்க வரமாட்டேன் என்கிறது, எனக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று கேளுங்கள். எப்படி ஜெபிக்கிறீர்கள் என்று விசாரிக்க வேண்டாம். தலையைக் குனிந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தி. சம்பந்தம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பி, ஒவ்வொரு தடவையும் நான் அந்தப் பத்தியில்தான் நின்றுவிட்டேன். மத்தேயு 5இல் ஆண்டவர் சொன்னதை நினைத்துப் பாருங்கள். காணிக்கை செலுத்த வந்த இடத்தில், “உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று” நினைவு வந்தால் வைத்துவிட்டுப் போ என்கிறார். உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று அவர் சொல்லவில்லை. யார் பக்கம் தப்பு என்றும் கேட்கவில்லை. அவர் இதைச் சொன்னது கலிலேயாவில். பலிபீடமோ எருசலேமில், ஏறக்குறைய மூன்று நாள் நடை. பலியை அங்கேயே விட்டுவிட்டு ஊருக்கு நடந்து, அண்ணனைப் பார்த்துவிட்டு, திரும்ப நடந்து வரச் சொல்கிறார். அவ்வளவு நேரம் அவர் காத்திருப்பாராம்.

உங்களை உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. பாகம் பற்றிய பேச்சு தனி, அதைப் பெரியவர்களோ வக்கீலோ பார்க்கட்டும். ஐந்து வருஷமாக அண்ணன் பக்கத் தப்பைத் தேதிவாரியாக மனதில் எழுதி வைத்திருப்பீர்களே, அதைத்தான் சொல்கிறேன். அந்தக் கணக்கையும் அதிகாலையில் ஆண்டவருக்கு வாசித்துக் காட்டுகிற கணக்கையும் ஒரே கைதான் எழுதுகிறது. ஒன்றை மூடாமல் மற்றதை மூட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவருடைய தப்பு நூற்றுக்குத் தொண்ணூறாகவே இருக்கட்டும். மீதிப் பத்து உங்களுடையதுதானே? அந்தப் பத்துக்கு மட்டும் மன்னிப்புக் கேளுங்கள். தொண்ணூறைப் பற்றி வாய் திறக்காதீர்கள். அண்ணன் கதவைத் திறக்காமலும் போகலாம். திறந்து நாலு வார்த்தை திட்டலாம். திட்டினால் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கமிட்டிக் கூட்டம் என்று உட்கார்ந்துவிடாமல் நேராகக் கிளம்புங்கள். பைபிளைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டாம், அவருக்குப் பிரசங்கம் பண்ண வந்ததுபோல இருக்கும். ஐந்து வருஷத்தில் அண்ணன் பிள்ளைகள் நன்றாக வளர்ந்திருப்பார்கள். வழியில் கொஞ்சம் பழம் வாங்கிக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
அக்கா