மறு: அம்பாசமுத்திரம் சொப்புச் சாமானுக்கு ஐஎஸ்ஐ விலக்கு – சங்க உறுப்பினர் அட்டை போதுமா?

சென்னைக் கடைக்காரர் சரக்கைத் திருப்பிவிட்டதாகச் சொல்லி, விலக்குக்குச் சங்க உறுப்பினர் அட்டை போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. ஐஎஸ்ஐ முத்திரையிலிருந்து விலக்கு, மத்திய கைவினைப்பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு பெற்ற கைவினைஞர் தாமே செய்து விற்கும் பொம்மைக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொருளை அதன் பதிவு பெற்ற உரிமையாளரோ அங்கீகரிக்கப்பட்ட பயனரோ செய்து விற்கும்போதும் உண்டு. பொம்மைத் தொழில் சங்கம் எதுவும் அதை வழங்க முடியாது. 2021 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள பொம்மைத் தரக்கட்டுப்பாட்டு ஆணையின் திருத்தம் அப்படித்தான் சொல்கிறது.

சென்னைக் கடைக்காரர் சரக்கைத் திருப்பியதற்குப் பெரும்பாலும் பில்தான் காரணமாக இருக்கும். அந்த ஆணையர் அலுவலகம் கைவினைஞருக்குத் தரும் 'பெஹ்சான்' அடையாள அட்டை தந்தையார் பெயரிலும் பில் உங்கள் கடையின் பெயரிலும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நிலையில் விற்பவர் கைவினைஞர் என்பதற்குக் கடைக்காரரிடம் சான்று ஏதும் இல்லை.

அட்டையையும் பில்லையும் அருகருகே வைத்து, பெயர், தொழில் வகை, அட்டையின் காலாவதித் தேதி ஆகியவற்றைச் சரிபாருங்கள். பிறகு தந்தையார் பெயரிலேயே பில் போட்டு, அட்டை நகலுடன் ஒரு சிறு பெட்டி அனுப்பிப் பாருங்கள். பிறரிடம் வாங்கி விற்கும் சாமானை அதில் கலக்க வேண்டாம்.

விலக்கு முத்திரைக்குத்தான், பிள்ளைகளின் பாதுகாப்புக்கு விலக்கே கிடையாது. கடைசலில் சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்தி, அந்தச் சூட்டிலேயே நிறம் ஏற்றும் நம் வழக்கத்தை விட்டு டப்பா பெயின்ட்டுக்கு மாறியிருந்தால், ஈயம் உள்ளதா என்று ஆய்வகத்தில் அவசியம் சோதியுங்கள். குழந்தை முதலில் வாயில் வைப்பது அந்தச் சின்ன உலக்கையைத்தான்.

சங்கத்தில் சேருவதும் நல்லதே. இந்தியப் பொம்மைச் சங்கம் ஆண்டுதோறும் டெல்லியில் நடத்தும் 'டாய் பிஸ்' கண்காட்சியில் மொத்த வியாபாரிகளை நேரில் சந்திக்கலாம்.