மொட்டை மாடியில் டிராம்போலின் போடலாமா?

கோடை விடுமுறை நெருங்கினால் சைக்கிள், ஏர் கூலர் பற்றித்தான் வழக்கமாகக் கேள்வி வரும். இந்த முறை பாதிக்குப் பாதி டிராம்போலின், அதாவது ஸ்பிரிங்கில் இழுத்துக் கட்டிய குதிக்கும் பாய். மால்களில் குதிக்கும் கூடங்கள் வந்ததன் விளைவு என்று நினைக்கிறேன். பிள்ளைகள் ஒரு மணி நேரம் குதித்துவிட்டு வருகிறார்கள், அப்புறம் வீட்டில் ஒரு மாதம் தூக்கமில்லை. வந்ததில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: ஒன்பது வயதுப் பையன், ஐந்து வயதுப் பெண். டிராம்போலின் வேண்டும் என்று இருவரும் ஒரே பிடிவாதம். கீழே இடமில்லை. மொட்டை மாடி முப்பதுக்கு இருபது காலியாகக் கிடக்கிறது, சுற்றிலும் மூன்றடிச் சுவரும் உண்டு. எட்டடி அகலம், வலையோடு சேர்த்து 22 ஆயிரம் ரூபாய் சொல்கிறார்கள். வாங்கலாமா? (ஈரோடு)

மாடியில் வேண்டாம். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

எட்டடி டிராம்போலினில் குதிக்கும் பாய் தரையிலிருந்து இரண்டடிக்கு மேல் உயரத்தில் இருக்கும். அதன்மேல் நிற்கிற பையனுக்கு உங்கள் மூன்றடிச் சுவர் கணுக்காலைத் தாண்டிக் கொஞ்சம்தான். அவன் குதித்து எழும்பும்போது சுவர் என்ற ஒன்று அங்கே இல்லவே இல்லை. வலை இருக்கிறதே என்பீர்கள். அந்த வலை புல்தரையில் விழாமல் தடுக்கச் செய்தது, இரண்டாவது மாடியிலிருந்து விழாமல் தடுக்க அல்ல. ஈரோட்டு வெயிலில் ஒரு கோடை முழுக்கக் காய்ந்த பிளாஸ்டிக் கயிறு எப்படி இருக்கும் என்று உங்கள் கொடிக்கயிற்றையே தொட்டுப் பாருங்கள், கையோடு பொடியாக உதிரும். வலையும் அதே சாதிப் பொருள்தான்.

அப்புறம் காற்று. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிற ஊரில், வலை கட்டிய எட்டடி வட்டம் எம்மாத்திரம்? தரையில் வைத்தால் முளையடித்துக் கட்டலாம். கான்கிரீட்டில் எங்கே முளையடிப்பது, தளத்தைத் துளைத்தால் மழைக்காலத்தில் கீழ்வீட்டுக் கூரை ஒழுகும்.

இடம் கிடைத்தாலும் உங்கள் வீட்டுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது: சின்னவளுக்கு ஐந்து வயது. ஆறு வயது நிரம்பாத பிள்ளைகளை ஏற்றக்கூடாது என்று பெரிய டிராம்போலின்களின் கையேட்டிலேயே போட்டிருக்கும், யாரும் அதைப் பிரித்துப் படிப்பதில்லை. முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு விரிசல் விடுவது இந்த வயதில் அடிக்கடி நடக்கிறது, அதற்கு மருத்துவர்கள் 'டிராம்போலின் முறிவு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஆக அண்ணன் குதிக்க வேண்டும், தங்கை கீழே நின்று பார்க்க வேண்டும். அது உங்கள் வீட்டில் நடக்குமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிந்த எந்த வீட்டிலும் நடந்ததில்லை.

ஒரு வருஷம் பொறுங்கள். உங்கள் பக்கத்தில் தோட்டத்து வீடு யாருக்காவது இருந்தால் அங்கே போடலாம். மேலே 24 அடிக்கு எதுவும் குறுக்கிடக் கூடாது. மாங்கிளை, கரண்ட் கம்பி, கொடிக்கம்பி எல்லாம் இதில் சேரும். சுற்றிலும் ஆறேழு அடி காலியாக விடுங்கள். வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். குழாய் ஜி.ஐ. பைப்பா (துருப்பிடிக்காமல் துத்தநாகம் பூசியது), இல்லை வெறும் இரும்புக்கு மேல் பெயின்ட் அடித்ததா? ஸ்பிரிங்குகளை மூடும் மெத்தை முழு வட்டத்துக்கும் இருக்கிறதா? வலை ஸ்பிரிங்குகளுக்கு உள்பக்கம் கட்டியிருக்கிறதா, வெளிப்பக்கமா? உள்பக்கம் கட்டியதே நல்லது, பிள்ளை ஸ்பிரிங் மேல் கால் வைக்கவே வழியில்லை.

கேள்வி: 150 கிலோ தாங்கும் என்று அட்டையில் போட்டிருக்கிறது. என் பிள்ளைகள் மூவரும் சேர்ந்தே 85 கிலோதான். ஒன்றாகக் குதிக்கலாம் அல்லவா? (மதுரை)

கூடாது. அந்த 150 ஒரே ஆளுக்கான கணக்கு. ஃபிரேம் வளையாமல், ஸ்பிரிங் அறுகாமல் தாங்கும் என்பதற்கு மேல் அதற்கு அர்த்தமில்லை. பிள்ளையின் கால் தாங்குமா என்பது வேறு கணக்கு.

நடப்பது இதுதான். பெரியவன் பாயை அழுத்திவிட்டு மேலே போகிறான், பாய் வேகமாக எழும்பி வருகிறது. அதே நொடியில் சின்னது மேலிருந்து இறங்குகிறது. இறங்குகிற காலும் எழும்புகிற பாயும் எதிரெதிரே மோதுகின்றன. கட்டாந்தரையில் குதித்த மாதிரி அடி விழும், சில சமயம் அதைவிட மோசமாக. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2012-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, காயங்களில் ஏறக்குறைய முக்கால்வாசி ஒன்றுக்கு மேற்பட்டவர் பாயில் இருக்கும்போது நேர்ந்தவை. அடிபடுவது பெரும்பாலும் கூட்டத்தில் எடை குறைந்த பிள்ளைதான். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் சரி, ஒரு நேரத்தில் ஒரு ஆள் என்பதை மட்டும் மறக்காதீர்கள். மூன்று பேரை வரிசையில் நிற்கவைக்கத் தெம்பு இல்லையென்றால் அந்தப் பணத்துக்கு மூன்று ஸ்கேட்டிங் ஷூ வாங்கிவிடலாம். அதிலும் விழுவார்கள், ஆனால் தனித்தனியாக விழுவார்கள்.

கேள்வி: அபார்ட்மென்ட்டில் இருக்கிறேன், வாக்கிங் போக நேரமில்லை. நாற்பது அங்குல மினி டிராம்போலின் வாங்க நினைக்கிறேன். ஓடுவதைவிட 68 சதவீதம் அதிகக் கொழுப்பு கரையும் என்று நாசாவே சொல்லியிருப்பதாக விளம்பரத்தில் பார்த்தேன். நிஜமா? (சென்னை, வயது 41)

நாசா சம்பந்தப்பட்ட ஆய்வு நிஜம், 1980-இல் வந்தது. கொழுப்புக் கதை நிஜமில்லை. அந்த ஆய்வில் இருந்தவர்கள் 19 முதல் 26 வயதுவரை உள்ள எட்டு இளைஞர்கள், அவ்வளவுதான். விண்வெளியில் எடையின்றி இருந்து உடல் தளர்ந்துபோகும் வீரர்களுக்கு எந்தப் பயிற்சி உதவும் என்பதே கேள்வி. கணுக்கால், முதுகு, நெற்றி மூன்றிலும் கருவி கட்டி, ஓடும்போதும் குதிக்கும்போதும் எங்கே எவ்வளவு அதிர்வு ஏறுகிறது என்று அளந்தார்கள். ஓட்டத்தில் கணுக்காலுக்கு விழும் அதிர்ச்சி முதுகுக்கும் நெற்றிக்கும் விழுவதைப்போல் இரு மடங்குக்கும் மேல். டிராம்போலினில் அது மூன்று இடத்துக்கும் ஏறக்குறைய சமமாகப் பரவியது. ஒரே அளவு ஆக்சிஜன் செலவில் ஓடுவதைவிடக் குதிப்பதில் உடலுக்கு எவ்வளவு கூடுதலாக அசைவுத் தூண்டல் கிடைக்கிறது என்ற ஒப்பீட்டில் வந்த எண் 68. கொழுப்பை யாரும் அளக்கவில்லை. விற்பவர்கள் அந்த எண்ணை மட்டும் உருவிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

அதற்காக மோசமான சாமான் என்று சொல்லவில்லை. தாளத்தோடு மெதுவாகத் துள்ளினால் மூச்சு வாங்கும், வியர்க்கும், கணுக்காலுக்கும் ஓட்டத்தைவிடச் சுகம். ஆனால் மேலே பாருங்கள், மின்விசிறி எங்கே இருக்கிறது? முக்கால் அடி உயரப் பாயில் நின்று கையைத் தூக்கித் துள்ளினால் விசிறி இறக்கை தூரத்தில் இல்லை. விசிறி இல்லாத மூலையாகப் பார்த்துப் போடுங்கள். கீழ்வீட்டுக்காரரோடு சமாதானமாக இருக்க வேண்டுமென்றால் ஸ்பிரிங்குக்குப் பதில் எலாஸ்டிக் கயிறு வைத்ததை வாங்குங்கள், விலை கூட, ஆனால் கிரீச் சத்தம் இருக்காது. இன்னொன்று, பிரசவமான பெண்கள் பலருக்குக் குதிக்கும்போது சிறுநீர் கசியும், வெட்கப்பட்டுக்கொண்டு யாரும் சொல்வதில்லை. அப்படி இருந்தால் பாதம் பாயை விட்டு எழாமல் முழங்காலை மட்டும் மடக்கி நீட்டினால் போதும், கசிவுக்கு மருத்துவரையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், சரிசெய்யக்கூடியதுதான்.

கேள்வி: ஆன்லைனில் பத்தடி டிராம்போலின் வாங்கினோம். மூன்றே மாதத்தில் பாய் ஓரத்தில் தையல் விட்டுவிட்டது. 'ஒரு வருட வாரண்டி' என்று போட்டிருந்தார்கள். இப்போது கேட்டால் அது ஃபிரேமுக்கு மட்டும், பாய் தனியாக விற்பதில்லை என்கிறார்கள். (நாகர்கோவில்)

முதலில் அந்தப் பொருளின் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நாளைக்கு அந்த வரி மாறியிருக்கலாம். 'ஃபிரேமுக்கு மட்டும்' என்று அதில் இல்லையென்றால் வழக்கு உங்கள் பக்கம். வாங்கிய தளத்திலேயே எழுத்தில் புகார் கொடுங்கள், போனில் பேசியது எதற்கும் உதவாது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அசையவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். பாதி விஷயம் அங்கேயே முடிந்துவிடும்.

அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தந்த பெரிய வசதி அது. ஐந்து லட்சம் வரைக்குமான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, இரண்டு வருடம் அவகாசம்.

இடையில் பிள்ளைகள் குதிக்க வேண்டுமே என்றால் பாயை வெளியே தேடுங்கள். ஃபிரேமின் விட்டம், பாயைச் சுற்றியுள்ள வளையங்களின் எண்ணிக்கை, கொக்கியோடு சேர்த்து ஸ்பிரிங்கின் நீளம், இந்த மூன்றும் பொருந்தினால் வேறு கம்பெனிப் பாயும் சேரும். கிழிந்ததைக் கூடாரம் தைப்பவரிடம் கொடுத்துத் தைக்கலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் விளையாடும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். குழந்தைகளுக்கு என்று படம் போட்டு விற்றுவிட்டு, முத்திரை எங்கே என்றால் 'இது உடற்பயிற்சிக் கருவி' என்று விற்பவர் நழுவினால், நீங்களும் நழுவிவிடுங்கள்.

கேள்வி: பின்வளவில் பன்னிரண்டு அடி டிராம்போலின் போட இருக்கிறோம். சனி ஞாயிறில் பெறாமக்கள், அயல் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வருவார்கள். கவனிக்க வேண்டியது என்ன? (டொரன்டோ)

வாங்க முதல் உங்கள் வீட்டுக் காப்புறுதிக்காரருக்கு ஒரு போன் போடுங்கள். டிராம்போலின் இருந்தால் பொறுப்பேற்காத காப்புறுதிகள் உண்டு, வலையும் பூட்டும் இருந்தால்தான் ஏற்பவையும் உண்டு. அயல் வீட்டுப் பிள்ளை கையை முறித்துக்கொண்ட பிறகு பத்திரத்தைப் படித்துப் பிரயோசனமில்லை. ஏணியைக் கழற்றி உள்ளே வைக்கும் பழக்கம் நல்லது, நீங்கள் இல்லாத நேரம் யாரும் ஏற மாட்டார்கள். பனிக்காலத்துக்கு முன் வலை, மெத்தை, பாய் மூன்றையும் கழற்றி கராஜில் வையுங்கள், ஈரப் பனி குவிந்தால் ஸ்பிரிங் எல்லாம் இழுபட்டுப் போகும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கனடாவின் குழந்தை மருத்துவச் சங்கம் 2007-லேயே வீட்டில் டிராம்போலின் வேண்டாம் என்றுதான் சொன்னது. சனிக்கிழமைக் கூட்டத்தை நினைத்தால் எனக்கும் அதே எண்ணம்தான்.

கேள்வி: பத்து வயது மகள், நன்றாகக் குதிக்கிறாள், குட்டிக்கரணமும் போடுகிறாள். இது ஒலிம்பிக்கில் இருக்கிறதாமே, வீட்டிலேயே ஒன்று வாங்கிப் பழக்கலாமா? (திருச்சி)

இருக்கிறது, 2000 சிட்னியிலிருந்து. கனடாவின் ரோஸி மக்லென்னன் 2012, 2016 இரண்டிலும் தங்கம் வாங்கினார். ஆனால் அவர்கள் குதிக்கும் சாதனமே வேறு. நீள்சதுரம், பாய் 4.28 மீட்டருக்கு 2.14, எட்டு மீட்டர் உயரம் வரை எழும்புகிறார்கள், இறங்காமல் தொடர்ந்து பத்து வித்தை காட்ட வேண்டும். எவ்வளவு நேரம் காற்றில் இருந்தார்கள் என்பதற்கே தனி மதிப்பெண். வீட்டு வட்டத்தில் பழகியது அங்கே உதவாது. கையை முறித்தால் கட்டுப் போடலாம், குட்டிக்கரணத்தில் கழுத்தில் விழுந்தால் கதையே வேறு. அதனால் வீட்டில் கரணம் கூடாது என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். நல்ல ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியாளரிடம் இரண்டு வருடம் தரைப்பயிற்சி கற்கட்டும். அந்த ஃபீஸ் டிராம்போலின் விலைக்குள் அடங்கிவிடும்.

கேள்வி: எனக்குச் சொந்தமாக வெல்டிங் பட்டறை இருக்கிறது. நானே செய்தால் பாதி விலையில் முடியும். செய்யலாமா? (கரூர்)

முதல் டிராம்போலினே அப்படித்தான் வந்தது. அமெரிக்காவின் ஐயோவாவில் ஜார்ஜ் நிஸ்ஸனும் லாரி கிரிஸ்வோல்டும் 1930-களில் இரும்பு ஆங்கிளை போல்ட் போட்டு, கேன்வாஸ் துணியை ஸ்பிரிங்கில் இழுத்துக் கட்டிச் செய்தார்கள். சர்க்கஸ்காரர்கள் பாதுகாப்பு வலையில் விழுந்து துள்ளுவதைப் பார்த்து வந்த யோசனை. நிஸ்ஸன் பின்னாளில் விளம்பரத்துக்காக ஒரு கங்காருவோடு சேர்ந்து குதித்தார், ஒரு நேரத்தில் ஒரு ஆள் என்ற விதியை அவரே மீறினார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிரேம் உங்களால் முடியும், கடையில் விற்பதைவிட உறுதியாகவே வரும். பாயும் ஸ்பிரிங்கும் உதிரியாக வாங்கிக்கொள்ளுங்கள். வெல்டிங் வைத்த இடத்தில் ஜி.ஐ. பூச்சு எரிந்துபோகும், துரு அங்கேதான் பிடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை, ஜிங்க் பெயின்ட் இரண்டு கை அடியுங்கள். கால்களை நாற்காலி மாதிரி நேராக வைக்காதீர்கள், W போல வளைத்து வையுங்கள், இல்லையென்றால் ஓரத்தில் ஒரு ஆள் ஏறினாலே குடை சாயும். மெத்தையில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள்.