சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இரண்டு பூனை வளர்க்கலாமா?

தாராளமாக வளர்க்கலாம். 1989லிருந்து வீவக வீடுகளில் பூனைக்குத் தடை இருந்தது, பலர் பயந்து பயந்துதான் வளர்த்தார்கள். 2024 செப்டம்பர் 1 முதல் ஒரு வீட்டுக்கு இரண்டு பூனை வரை அனுமதி, கூடவே அனுமதிக்கப்பட்ட சிறிய இன நாய் ஒன்றும் இருக்கலாம். ஆனால் மைக்ரோசிப் பொருத்தி, தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் இயங்கும் விலங்குநல மருத்துவச் சேவையிடம் உரிமம் எடுக்க வேண்டும், முதல்முறை என்றால் அதற்கு முன் இணையத்தில் ஒரு பயிற்சியையும் முடிக்க வேண்டும். 2026 ஆகஸ்ட் 31 வரையான மாற்றக் காலத்தில் கருத்தடை செய்த பூனைக்கு உரிமம் இலவசம்.

அப்புறம் ஜன்னல் வலை, இதுதான் எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியம். மாடியிலிருந்து விழுந்து சாகும் பூனைகளை நினைத்தால் மனசு பதறுகிறது. பூனைக்குக் கால் தவறாது என்று நம்பாதீர்கள், எதிரே புறா வந்து உட்கார்ந்தால் போதும், பாய்ந்துவிடும். வலை மாட்டிய பிறகே வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.